பாங்காக்கில் இரண்டு ஆண்கள், ஒரே கட்டில்: எங்கே தங்கலாம், எப்படிக் கேட்கலாம்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீங்களும் உங்கள் இணையரும் சேர்ந்து வாழ ஆரம்பித்து இந்த வருடத்தோடு பத்து வருடம். அதைக் கொண்டாட நவம்பரில் ஐந்து நாள் பாங்காக் போகிறீர்கள். இரண்டு பேருக்குமே முதல் வெளிநாட்டுப் பயணம். வாழ்க்கையில் ஒரு தடவையாவது பெரிய ஹோட்டலில் தங்கிப் பார்க்க வேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். கே தம்பதியை மரியாதையாக நடத்தும் ஹோட்டல் எது, எந்தப் பகுதியில் தங்கலாம், அங்கேயே கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "ரிசப்ஷனில் நின்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டி வரக்கூடாது, அது ஒன்றுதான் வேண்டும்."

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் பதிலை ஆரம்பிக்க வேண்டும். நான் சென்னையில் பதினொரு வருடம் நட்சத்திர ஹோட்டல்களில் ஃப்ரண்ட் ஆபீஸ் வேலை பார்த்தவன். கவுண்டருக்கு அந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன், இந்தப் பக்கமும் நின்றிருக்கிறேன்.

2014-இல் நானும் என் இணையரும் நம் ஊர் மலைவாசஸ்தலம் ஒன்றில் நல்ல ஹோட்டலில் அறை போட்டிருந்தோம். பெரிய கட்டில் உள்ள அறை, முழுப் பணமும் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. கவுண்டரில் இருந்த பையன் எங்கள் இரண்டு பேருடைய ஆதாரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ட்வின் பெட் போட்டுடறேன் சார்" என்றான். வேண்டாம் என்றேன். உள்ளே போனான். மேனேஜர் வந்தார். குரலைத் தாழ்த்தி, "ஃபேமிலிஸ் தங்கற ஃப்ளோர் சார்" என்றார். பின்னால் வரிசையில் குழந்தைகளோடு ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனோம். ராத்திரி இரண்டு கட்டில்களையும் சேர்த்துப் போட்டோம். மரத் தரையில் அது இழுபடும் சத்தம் கீழே கேட்டுவிடுமோ என்று அங்குலம் அங்குலமாக நகர்த்தினோம். காலையில் அறை சுத்தம் செய்ய ஆள் வருவதற்குள் பழையபடி பிரித்து வைத்தோம். இன்றைக்கும் அந்தப் பயணத்தை நினைத்தால் மலையோ பனியோ ஞாபகம் வருவதில்லை, கட்டில் கால் உரசிய சத்தம்தான் வருகிறது.

அதற்கு அடுத்த வருடம் பாங்காக் போனோம். வரவேற்க வந்த பெண் எலுமிச்சம்புல் வாசனையோடு குளிர்ந்த துண்டு இரண்டு கொடுத்தார், சின்னதாக மல்லிகைச் சரமும் கொடுத்தார். "ஒரே கட்டில், ஆற்றைப் பார்த்த அறை, சரிதானே?" என்று கேட்டுவிட்டு நேராக மேலே கூட்டிப்போனார். அறையில் இரண்டு ஜோடி செருப்பு, இரண்டும் ஆண்களுக்கான அளவு. குளியலங்கி இரண்டும் பெரிய அளவு. யாரோ ஒருவர் நாங்கள் வருவதற்கு முன்பே எங்களை யோசித்துப் பார்த்து, சின்ன அளவு ஜோடியை எடுத்துவிட்டுப் பெரியதை வைத்திருக்கிறார். எங்களைப் போன்றவர்கள் பெரிய ஹோட்டலுக்குக் கொடுக்கும் பணம் இதற்குத்தான். பளிங்குத் தரை எல்லா ஊரிலும் இருக்கிறது.

இந்த ட்வின் பெட் சமாசாரம் ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் தவிர்ப்பது சுலபம். பல முன்பதிவுத் தளங்களில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் கட்டில் வகை வெறும் "வேண்டுகோள்" ஆகத்தான் ஹோட்டலுக்குப் போய்ச் சேரும், உறுதி கிடையாது. எந்த அறை யாருக்கு என்று பிரிப்பது வந்து இறங்கும் நாள் காலையில் நடக்கும். பிரிப்பவர் திரையில் ஒரு பெயரையும் "பெரியவர் 2" என்பதையும் மட்டும் பார்ப்பார். கவுண்டரில் இரண்டு ஆண் பாஸ்போர்ட் வந்ததும், நல்லது செய்வதாக நினைத்து, தனித்தனியாக இரண்டு கட்டில் உள்ள அறைக்கு மாற்றிவிடுவார்கள். பாதி இடங்களில் வெறுப்பு அல்ல காரணம், யோசிக்காமல் செய்யும் பழக்கம். மீதி இடங்களில் வெறுப்புதான். எது எது என்று காசு கட்டும் முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது.

ஹோட்டலுக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். இரண்டு பேருடைய முழுப் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கட்டும். "நாங்கள் இருவரும் ஆண்கள், தம்பதி, பத்தாம் ஆண்டு நிறைவுக்கு வருகிறோம், ஒரே பெரிய கட்டில் உள்ள அறை வேண்டும், உறுதி செய்யவும்" என்று நான்கே வரி. தயங்கித் தயங்கி எழுத வேண்டாம், மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். பதிலைக் கவனமாகப் படியுங்கள். நல்ல ஹோட்டல் வாழ்த்துச் சொல்லும், இருவர் பெயரையும் போட்டு எழுதும், கட்டிலை உறுதி செய்யும், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள் என்று கேட்கும். "எல்லா விருந்தினரையும் வரவேற்கிறோம்" என்று பொதுவாக ஒரு வரி வந்து கட்டிலைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அடுத்த ஹோட்டலைப் பாருங்கள். பதிலை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பெயரும் பதிவில் இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் மற்றவர் கீ கார்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றால் கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ஹோட்டல் யாரிடம் பேசுவது என்பதும் அந்தப் பதிவில்தான் இருக்கிறது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு ஹோட்டல் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் இருவர் பாஸ்போர்ட்டையும் எப்படியும் வாங்குவார்கள். அது எல்லோருக்கும் பொதுவான நடைமுறை, உங்களைக் குறிவைத்து இல்லை.

வானவில் முத்திரைகளைப் பற்றி. உலக அளவில் ஐஜிஎல்டிஏ என்ற கே, லெஸ்பியன் பயணிகளுக்கான சுற்றுலாச் சங்கம் 1983 முதல் இருக்கிறது, அதில் உறுப்பினராக உள்ள ஹோட்டல்களைத் தேடலாம். புக்கிங் டாட் காம் தளத்தில் "டிராவல் பிரவுட்" என்ற அடையாளம் உண்டு, அந்த ஹோட்டலில் சிலர் குறுகிய பயிற்சி ஒன்றை முடித்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். இவை தேடலைச் சுருக்க உதவும். ஆனால் பயிற்சி எடுத்தவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், முத்திரை அப்படியே நிற்கும். என் அனுபவத்தில் அந்த நான்கு வரி மின்னஞ்சல்தான் இதைவிட நம்பகமானது.

ஹோட்டலின் உரிமையாளர் யார் என்றும் பாருங்கள் என்பேன். 2019-இல் புரூணையில் தன்பாலுறவுக்குக் கல்லெறிந்து கொல்லும் தண்டனையைச் சட்டமாக்கினார்கள். லண்டனில் டார்செஸ்டர், பாரிஸில் பிளாசா அத்தேனே, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டி பெவர்லி ஹில்ஸ் ஹோட்டல் எல்லாம் புரூணை அரசின் முதலீட்டு நிறுவனத்துக்குச் சொந்தம். உலகம் முழுக்கப் புறக்கணிப்பு நடந்தது. அந்த வருடம் மே மாதம் சுல்தான் மரண தண்டனை நிறைவேற்றப்படாது என்று அறிவித்தார், சட்டம் மட்டும் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஹோட்டல்களில் வேலை செய்பவர்கள் உங்களை அன்பாகத்தான் நடத்துவார்கள். இருந்தாலும் நம் காசு போய்ச் சேரும் இடம் என்று ஒன்று இருக்கிறது.

இப்போது ஊருக்கு வருவோம். தாய்லாந்தில் 1950-களிலிருந்தே தன்பாலுறவு குற்றமல்ல. 2015-இல் பாலினச் சமத்துவச் சட்டம் வந்தது. திருமணச் சமத்துவச் சட்டத்தை 2024 ஜூன் 18 அன்று செனட் 130-க்கு 4 என்ற வாக்கில் நிறைவேற்றியது, 2025 ஜனவரி 23 முதல் நடைமுறை. தென்கிழக்கு ஆசியாவில் முதல் நாடு அதுதான், ஆசியாவில் தைவானுக்கும் நேபாளத்துக்கும் அடுத்தது. அந்த முதல் நாளில் சியாம் பாரகான் வணிக வளாகத்தில் வரிசை வரிசையாக ஜோடிகள் பதிவு செய்துகொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வயதான இரண்டு பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து நாங்கள் இரண்டு பேருமே அழுதோம்.

உங்களுக்கும் அந்த ஆசை வந்திருப்பது நியாயம். ஆனால் இந்தப் பயணத்தில் அதை வைத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டவர் அங்கே பதிவு செய்ய, திருமணத்துக்குத் தடை இல்லை என்பதற்கான சான்றைத் தன் நாட்டுத் தூதரகத்தில் வாங்க வேண்டும், அதைத் தாய் மொழியில் பெயர்த்து, அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தில் சரிபார்த்து, பிறகுதான் மாவட்ட அலுவலகத்துக்குப் போக முடியும். முதல் படியே நம் அரசாங்கத்தின் மேசையில் இருக்கிறது, அந்த அரசாங்கமோ நம் திருமணத்தை ஏற்பதில்லை. 2018 செப்டம்பர் 6 அன்று, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவிலிருந்து நம்மை விடுவித்த உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் திருமண உரிமையைத் தர மறுத்துவிட்டது. ஐந்து நாளில் அலுவலகம் அலுவலகமாக அலைந்து, அலைந்ததற்குப் பலனும் ஊருக்குத் திரும்பினால் செல்லாது என்ற நிலையில், கொண்டாடப் போன பயணத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று செய்யலாம். சீலோம் பகுதி அடங்கிய மாவட்டத்தின் பெயர் பாங் ராக். தாய் மொழியில் "ராக்" என்றால் அன்பு, காதல். அந்தப் பெயருக்காகவே ஒவ்வொரு பிப்ரவரி 14-ஆம் தேதியும் பதிவு செய்ய ஜோடிகள் அந்த மாவட்ட அலுவலகத்தில் குவிகிறார்கள். பாங் ராக்கில் தங்கி, உங்களுக்குள் மோதிரம் மாற்றிக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

எந்தப் பகுதி என்றால், என் பதில் தெளிவு. ஐந்து இரவையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். முதல் மூன்று இரவு சீலோம் அல்லது சாத்தோன், கடைசி இரண்டு இரவு சாவ் பிரயா ஆற்றங்கரை. சுகும்வித் பக்கம் மலிவாகக் கிடைக்கும், அங்கேயும் நல்ல ஹோட்டல்கள் உண்டு. ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு ராத்திரி நடந்தே அறைக்குத் திரும்பும் வசதிதான் முக்கியம்.

காரணம் சீலோம் சாலையில் உள்ள இரண்டு சந்துகள். சந்துக்கு அங்கே "சோய்" என்று பெயர். சாலா டேங் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் சோய் 4, சோய் 2. சோய் 4 குறுகலானது, இரு பக்கமும் மேசை போட்டு ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். 1987-இல் ஆரம்பித்த டெலிபோன் பப் அங்கேதான். ஒரு காலத்தில் மேசைக்கு மேசை எண் போட்ட தொலைபேசி இருந்தது, பிடித்தவர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு அழைத்துப் பேசலாம், அதுதான் பெயர்க் காரணம். ஸ்ட்ரேஞ்சர் பாரில், ஆண்கள் பெண் வேடமிட்டு ஆடிப் பாடும் டிராக் நிகழ்ச்சி நடக்கும். நீங்கள் குடிக்காதவர்கள் என்றாலும் ஒரு எலுமிச்சை சோடா வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் அந்தச் சந்தில் உட்காருங்கள். உள்ளூர் அலுவலக ஆட்கள், அறுபது எழுபது வயதைத் தாண்டிய ஜோடிகள், அம்மாவைக் கூட்டிவந்த பையன் எல்லோரையும் நான் அங்கே பார்த்திருக்கிறேன். என் இணையர் முதல் தடவை அங்கே உட்கார்ந்தபோது வெகுநேரம் எதுவுமே பேசவில்லை. பிறகு என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

சோய் 2-இல் டிஜே ஸ்டேஷன், அது நடனக்கூடம். நுழைவுக் கட்டணத்துக்குப் பானக் கூப்பன் தருவார்கள். இரவு விடுதிகளில் நுழைய 20 வயது நிரம்பியிருக்க வேண்டும், தலை நரைத்தவரிடமும் அடையாளம் கேட்பார்கள். பதினொரு மணிக்கு முன்னால் போனால் கூட்டம் இருக்காது.

பக்கத்திலேயே பட்பாங். அங்கே தெருவில் அட்டையைக் காட்டி "மேல்மாடியில் ஷோ, பானம் நூறு பாட்" என்று கூப்பிடுவார்கள். ஏறாதீர்கள். இறங்கும்போது ஆயிரக்கணக்கில் பில் நீட்டி வழியை மறிப்பது அங்கே பழைய வித்தை.

சீலோம், சாத்தோன் ஹோட்டல்களில் உங்களுக்கு என் முதல் தேர்வு துசித் தானி. சீலோம் சாலை தொடங்கும் முனையில், லும்பினி பூங்காவுக்கு எதிரே. 1970-இல் திறந்த பழைய ஹோட்டலை 2019-இல் மூடி, இடித்து, புதிதாகக் கட்டி 2024-இல் திறந்தார்கள். பழைய கட்டிடத்தின் தங்கக் கோபுர முனையைத் தூக்கிப் போடாமல் புதிய கோபுரத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அறை ஜன்னல் பூங்காவைப் பார்த்து இருக்கும், சோய் 4-க்கு நடந்தே வரலாம். கொஞ்சம் இளமையான இடம் வேண்டுமென்றால் சோங் நோன்சி நிலையத்தை ஒட்டி டபிள்யூ பாங்காக். அதன் வளாகத்துக்குள் 1889-இல் கட்டிய மாளிகை ஒன்று இருக்கிறது, அரை நூற்றாண்டு சோவியத், பிறகு ரஷ்யத் தூதரகமாக இருந்த வீடு. அங்கே ஒரு மாலை உட்காரலாம். அதே பக்கம் மகாநகோன் கோபுரத்துக்குள் தி ஸ்டாண்டர்ட். சுரவோங் சாலையில் லே மெரிடியன், இவற்றில் சோய்களுக்கு மிகப் பக்கம் அது, கூடவே பட்பாங் சத்தமும் பக்கம். லும்பினி பூங்காவின் தெற்கு முனையில் எஸ்ஓ பாங்காக், அதன் நீச்சல் குளத்திலிருந்து பூங்கா முழுக்கத் தெரியும்.

விலை பார்க்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதன் மேல் 7 சதவீதம் வரி தனி என்று அர்த்தம். பத்தாயிரம் பாட் என்று போட்டது 11,770 ஆகிவிடும். இன்னொன்று, செக்-இன் சமயம் ஒரு தொகையைப் பிணையாக அட்டையில் நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டைக் கொடுத்தால் அந்தப் பணம் ஊருக்குத் திரும்பிப் பல நாள் கழித்துத்தான் விடுபடும். கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

ஆற்றங்கரைக்கு ஏன் இரண்டு இரவு என்றால், பத்து வருடத்தை நினைவில் வைக்க அந்த ஆறு வேண்டும். சாலா டேங்கிலிருந்து நான்காவது நிறுத்தம் சபான் தக்சின், படியிறங்கினால் படகுத்துறை. ஹோட்டல்களின் சொந்தப் படகுகள் அங்கே வந்து ஏற்றிக்கொள்ளும், காசு கிடையாது. மண்டரின் ஓரியண்டல், எதிர்க்கரையில் பெனின்சுலா, கொஞ்சம் தெற்கே ஃபோர் சீசன்ஸ், கபெல்லா. கபெல்லா 2024-இல் உலகின் சிறந்த 50 ஹோட்டல்கள் பட்டியலில் முதலிடம் பெற்றது, விலையும் அதற்கேற்ப. பெனின்சுலா இவற்றில் கொஞ்சம் கைக்கு எட்டும், எல்லா அறையிலிருந்தும் ஆறு தெரியும்.

ஆனால் உங்கள் காரணத்துக்காகப் போகிறீர்கள் என்றால் மண்டரின் ஓரியண்டலில் ஒரு இரவாவது பாருங்கள், முடியாவிட்டால் அதன் பழைய கட்டிடத்தில் எழுத்தாளர் கூடத்தில் ஒரு மாலைத் தேநீர். 1876-இலிருந்து இருக்கும் ஹோட்டல். 1923-இல் ஆங்கில எழுத்தாளர் சோமர்செட் மாம் பர்மா வழியாகத் தரைமார்க்கமாக வந்து இங்கே மலேரியாவில் படுத்துவிட்டார். ஆள் செத்துவிட்டால் ஹோட்டலுக்குக் கெட்ட பெயர், வேறு எங்காவது கொண்டுபோய்விடுங்கள் என்று நிர்வாகி மருத்துவரிடம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. இன்றைக்கு மாம் பெயரில் ஒரு சூட் அறையே வைத்திருக்கிறார்கள். பலருக்கும் தெரியாத விஷயம், அந்தப் பயணத்தில் அவரோடு கூட வந்தவர் ஜெரால்டு ஹாக்ஸ்டன், வாழ்நாளின் பெரும்பகுதி அவரோடு இருந்த துணை. 1919-இல் பிரிட்டன் ஹாக்ஸ்டனை விரும்பத்தகாத அன்னியர் என்று வெளியேற்றியிருந்தது, அதனால் இரண்டு பேரும் சேர்ந்து இருக்க முடிந்ததே பிரிட்டனுக்கு வெளியேதான். ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றி மாம் எழுதிய நூலில் ஹாக்ஸ்டன் பெயர் இல்லை. தனியாகப் போனவர் போலவே எழுதியிருக்கிறார். நூறு வருடம் கழித்து அதே ஹோட்டலுக்கு நீங்கள் இரண்டு பெயரையும் சேர்த்து எழுதி அறை கேட்கப் போகிறீர்கள்.

அதன் ஸ்பா எதிர்க்கரையில் இருக்கிறது, படகில் கடந்து போக வேண்டும். எந்த ஹோட்டலானாலும் இருவருக்கும் சேர்ந்த ஸ்பா அறை வேண்டும் என்றால் அதையும் முன்பே எழுதிக் கேளுங்கள். கேட்காவிட்டால் தனித்தனி அறையில் போட்டுவிடுவார்கள்.

நவம்பர் என்பதால் ஒரு எச்சரிக்கையும் ஒரு சந்தோஷமும். மழை விட்டு ஊர் குளிரத் தொடங்கும் மாதம், கூட்டமும் விலையும் ஏறும். பெரும்பாலும் அந்த மாதப் பௌர்ணமியில்தான் லோய் கிரதோங் வரும். வாழை மட்டையில் பூவும் விளக்கும் வைத்து ஆற்றில் விடுவார்கள். அந்த ஒரு இரவுக்கு ஆற்றங்கரை ஹோட்டல்களில் விருந்தோடு சேர்த்துத்தான் அறை தருவார்கள், விலை எகிறும். உங்களால் முடியுமானால் அந்த இரவையே பிடியுங்கள். இருவரும் சேர்ந்து ஒரு விளக்கு விடலாம், பக்கத்தில் எல்லா ஜோடிகளும் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள்.

பாதுகாப்பு. தெருவில் கை கோத்து நடந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். முத்தம் வேறு, ஆண் பெண் ஜோடிகளும் அங்கே பொது இடத்தில் அதைச் செய்வதில்லை. எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். தாய்லாந்தில் திருநங்கைகளைக் கடைகளிலும் மேடைகளிலும் எங்கும் பார்ப்பீர்கள், ஆனால் சான்றிதழில் பாலினத்தை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு இன்னும் சட்டம் இடம் தரவில்லை. அரச குடும்பத்தைப் பற்றி வாய்தவறியும் எதுவும் பேசாதீர்கள், 3 முதல் 15 வருடம் சிறை. இ-சிகரெட் அங்கே சட்டவிரோதம், பெட்டியில் இருந்தால் எடுத்துவிடுங்கள். டுக்-டுக் பேரத்தில் சிக்காமல் கிராப் செயலியில் வண்டி கூப்பிடுங்கள்.

அறைக்கு வெளியாள் யாரையாவது அழைத்து வந்தால் ஹோட்டல் அவருடைய அடையாள அட்டையைக் கீழே வாங்கி வைத்துக்கொள்ளும். அது உங்கள் பாதுகாப்புக்குத்தான், சங்கடப்பட வேண்டாம். உடல்நலம் குறித்து: ஊரில் வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்ட பரிசோதனை ஏதாவது இருந்தால், ராஜதாம்ரி சாலையில் தாய் செஞ்சிலுவைச் சங்கத்தின் அநாமதேய கிளினிக் 1991 முதல் இயங்குகிறது. பெயர் கேட்காமலே எச்ஐவி பரிசோதனை செய்வதற்காகத் தொடங்கியது. எச்ஐவி வராமல் தடுக்கும் பிரெப் மாத்திரை எடுப்பவர் என்றால் மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

விமானம் சென்னையிலிருந்து நேராகவே இருக்கிறது, சுமார் மூன்றரை மணி நேரம். கோலாலம்பூரில் இறங்கி ஒரு நாள் சுற்றிவிட்டுப் போகலாம் என்ற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மலேசியாவில் நம் பழைய 377 இன்னும் உயிரோடு இருக்கிறது, இருபது வருடம் வரை சிறை, பிரம்படியும் உண்டு. இரண்டாவது ஊர் வேண்டுமென்றால் சிங்கப்பூர், அங்கே 377ஏ பிரிவை 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. தாய்லாந்து விசா விதி இந்தியர்களுக்கு அடிக்கடி மாறுகிறது, டிக்கெட் போடும் நாளில் தூதரகத் தளத்தைப் பாருங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நுழைவு அட்டை நிரப்ப வேண்டும், 2025 மே முதல் இது கட்டாயம். அதற்குக் கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் போலி.

சீலோமில் தங்கும் நாட்களில் ஒரு காலை வேளையை ஒதுக்கி வையுங்கள். அதே சாலையில் மேற்கே நடந்தால், பான் சாலை முனையில் மாரியம்மன் கோயில். 1879-இல் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பியது. தாய் மக்கள் "வாட் கேக்" என்பார்கள், கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். வாசலில் செவ்வந்தி மாலை, தேங்காய், வாழைப்பழம் வைத்த தட்டுகள் விற்பார்கள். உள்ளே படம் எடுக்கக்கூடாது. முதல் தடவை நாங்கள் போனபோது எனக்கு முன்னால் இரண்டு தாய் இளைஞர்கள், ஒருவர் விரலை ஒருவர் பிடித்தபடி, ஒரே தட்டோடு நின்றார்கள். பூசாரி தட்டை வாங்கி அர்ச்சனை செய்து, இருவர் நெற்றியிலும் குங்குமம் வைத்து அனுப்பினார். அடுத்தது எங்கள் முறை. பெயர் கேட்டார், தமிழில். இரண்டு பெயரும் சொன்னோம்.

முதலில் மூன்று ஹோட்டலுக்கு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள் தம்பி: துசித் தானி, பெனின்சுலா, மண்டரின் ஓரியண்டல். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்து எதை எடுக்கலாம் என்று சொல்கிறேன்.